யாரும் கொடுக்காத வாக்கு

ஒட்டன்சத்திரத்தில் என் சித்தப்பா ஒரு கடை வைத்திருக்கிறார். பம்ப் செட் உதிரிகள், பிவிசி பைப், வால்வு, சொட்டு நீர்க் குழாய் இவைதான் வியாபாரம். சுற்றுவட்டார விவசாயிகள் கடனுக்கு எடுத்துப் போவார்கள். தக்காளிக்கோ முருங்கைக்கோ நல்ல விலை கிடைக்கும்போது வந்து அடைப்பார்கள். ஜிஎஸ்டி பில் போட கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு புதுக் கம்ப்யூட்டர் உண்டு. ஆனால் யார் எவ்வளவு பாக்கி என்கிற கணக்கு மட்டும் உள்ளறையில், 1996-ல் வாங்கிய ஒரு பெட்டியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பென்டியம், 100 மெகாஹெர்ட்ஸ். பவர் சப்ளையை நாலைந்து முறையும் ஹார்ட் டிஸ்க்கை ஒரு முறையும் மாற்றியிருக்கிறார்கள், மற்றபடி அதே பெட்டி. கணக்கு நிரலை அந்தக் காலத்தில் பாலிடெக்னிக் முடித்த ஓர் இளைஞர் டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்தாராம். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று சித்தப்பாவுக்குத் தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள், அந்தப் பெட்டி நின்றுவிட்டது. சித்தப்பா போன் செய்தார். "டிஸ்க்கு நல்லாத்தான் இருக்காம் தம்பி. புதுப் பெட்டியில காப்பி பண்ணியும் கொடுத்துட்டாங்க. ஆனா புரோகிராம் ஏற மாட்டேங்குது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்" என்றார். கிளம்பும்போது நான் நினைத்துக்கொண்டது ஒன்றுதான்: இதோடு அந்தப் பழையதை விடச் சொல்லிவிட வேண்டும். போய்ப் பார்த்தேன். 64-பிட் விண்டோஸ், இந்த ஆப் உங்கள் கணினியில் இயங்காது என்று ஒரே வரியில் கையை விரித்திருந்தது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. 64-பிட் நிலைக்குப் போன இன்டெல், ஏ.எம்.டி ப்ராசஸர்களில், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் நிரல்களைத் தனியே உட்கார வைத்து ஓட்டுகிற 'வர்ச்சுவல் 8086' என்ற வசதி கிடையாது. அதை நம்பி இயங்கிய பகுதியை 64-பிட் விண்டோஸிலும் சேர்க்கவில்லை. சரி, நல்லதுதானே என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

என் பழைய கட்சி

பழையதும் ஓட வேண்டும் என்ற நிபந்தனையை, பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டியை, தமிழில் பின்னிணக்கம் என்று எழுதுகிறோம். கணினி வடிவமைப்பின் கால்களில் கட்டிய கல் அது என்பது என் நெடுநாள் கட்சி. நான் ஃபர்ம்வேர் எழுதுகிறவன். பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து விண்டோஸோ லினக்ஸோ வந்து பொறுப்பேற்கும் வரையிலான சில நொடிகள்தான் என் தொழில். அந்த நொடிகளுக்குள் இந்தக் கல்லின் எடை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்று நீங்கள் வாங்கும் இன்டெல் ப்ராசஸரில் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. பவர் வந்ததும் அது விழிப்பது 1978-ல் வந்த 8086-இன் 16-பிட் நிலையில். அந்த 8086-இல் இருந்தது மொத்தமே 29,000 டிரான்சிஸ்டர்கள். ப்ராசஸரை அந்த நிலையிலிருந்து படிப்படியாகத் தூக்கி 64-பிட்டுக்குக் கொண்டுவருவதுதான் எங்கள் நிரலின் முதல் வேலை. இருபது வருடமாக இதைச் செய்கிறேன்.

தோண்டத் தோண்ட இன்னும் பழையதுதான் வரும். 8086-இல் தொடங்கிய எக்ஸ்86 ப்ராசஸர் குடும்பம் எண்களை நினைவகத்தில் வைக்கும்போது கடைசி பைட்டை முதலில் வைக்கும். ஏன் இந்தத் தலைகீழ் வரிசை? 1970-ல் டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோவில் டேட்டாபாயின்ட் 2200 என்று ஒரு மேசை டெர்மினல் உருவானது. அது எண்களை ஒரு நேரத்தில் ஒரு பிட்டாகக் கூட்டியது. நாம் பள்ளியில் ஒன்றாம் ஸ்தானத்திலிருந்து கூட்டிக்கொண்டு போவோமே, அதேபோல மிச்சத்தை அடுத்த ஸ்தானத்துக்குக் கொண்டுபோக, சிறிய பகுதி முதலில் வந்தால்தான் அதற்கு வசதி. அந்த டெர்மினலுக்காக இன்டெல் வடிவமைத்த சிப்தான் 1972-ன் 8008. அதிலிருந்து 8080, அதிலிருந்து 8086, அதிலிருந்து இன்று உங்கள் மடியில் இருப்பது. பிட் பிட்டாகக் கூட்டுகிற எந்திரங்கள் போய் அரை நூற்றாண்டு ஆகியும் அந்த வரிசை போகவில்லை.

கட்டளைகளின் நீளமும் அப்படித்தான். ஒரு பைட்டிலும் முடியும், பதினைந்து பைட் வரைக்கும் நீளும். ஒரு கட்டளை எங்கே முடிகிறது என்று தெரியாமல் அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் பல கட்டளைகளைப் பிரித்துப் பார்க்க நினைக்கும் வடிவமைப்பாளருக்கு இது தலைவலி. போன்களில் இருக்கும் ஆர்ம் ப்ராசஸர் குடும்பத்தின் 64-பிட் நிலையில் எல்லாக் கட்டளையும் நான்கு பைட். வரிசையில் நிற்கிற பிள்ளைகளை எண்ணுவதுபோல எண்ணிக்கொண்டு போகலாம்.

இதையெல்லாம் தூக்கியெறிய இன்டெல்லே முயன்றது. 8086 என்பதே ஓர் இடைக்கால ஏற்பாடு; அவர்கள் பெரிதாக நம்பியிருந்தது 1981-ல் வந்த ஐஏபிஎக்ஸ் 432. அது மெதுவாக ஓடி, சீக்கிரமே மறக்கப்பட்டது. அடுத்தது இட்டானியம். ஹெச்பியோடு சேர்ந்து 1994-ல் அறிவித்து 2001-ல் வெளியிட்டார்கள். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். எந்தக் கட்டளைகளை ஒன்றாக ஓட்டலாம் என்பதை, எழுதிய நிரலைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரே முன்கூட்டி முடிவு செய்து கொடுத்துவிடும், சிப் சுமையில்லாமல் ஓடும் என்ற எண்ணம் என்னை மயக்கியிருந்தது. பழைய எக்ஸ்86 நிரல்களும் அதில் ஓடின, ஆனால் தள்ளாடிக்கொண்டு. 2003 ஏப்ரலில் ஏ.எம்.டி ஆப்டெரான் வந்தது: அதே பழைய எக்ஸ்86, 64-பிட்டுக்கு நீட்டி. அடுத்த வருடமே இன்டெல்லும் அந்த வழிக்கு வந்துவிட்டது. இட்டானியம் 2021 வரை இழுத்துக்கொண்டு கிடந்து நின்றுபோனது. நல்லதைப் பழையது தின்றுவிட்டது என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். இட்டானியத்தின் தோல்விக்கு வேறு காரணமும் உண்டு. நினைவகத்திலிருந்து ஒரு தரவு வர எவ்வளவு நேரமாகும் என்பது ஓடும்போதுதான் தெரியும், கம்பைலரால் அதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதை நான் அப்போது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எரர் 200

சித்தப்பா கடைக்கு வருகிறேன். டாஸ் சூழலை ஒரு நிரலாகவே உருவாக்கித் தரும் டாஸ்பாக்ஸைப் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் அந்த ராத்திரி எனக்கு வேறொன்றைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. என்னிடம் 2012-ல் வாங்கிய மடிக்கணினி ஒன்று இருந்தது. ஒரு பென் டிரைவில் டாஸின் இலவச வடிவமான ஃப்ரீடாஸை ஏற்றி, அதிலிருந்தே கிளப்பினேன். இடையில் விண்டோஸ் இல்லை. டாஸுக்கும் சிப்புக்கும் நேரடிப் பேச்சு. கறுப்புத் திரையில் கர்சர் மின்னியது. கணக்கு நிரலின் பெயரைத் தட்டினேன். பக்கத்தில் சித்தப்பா, அவருக்குப் பின்னால் கணக்கு எழுதும் அக்கா. அந்த அக்கா பத்தொன்பது வருடமாக அந்த நிரலில் வேலை பார்க்கிறார், விசைப்பலகையைப் பார்க்காமல் அத்தனை பேர் கணக்கையும் எடுப்பார்.

ஒரு கணம் கூட ஆகவில்லை. ரன்டைம் எரர் 200 என்று ஒரு வரி வந்து நின்றது. பூஜ்யத்தால் வகுத்த பிழை. மறுபடி தட்டினேன், மறுபடியும் அதே.

"கணக்கு போச்சா?" என்று கேட்டார் அந்த அக்கா. தரவுக் கோப்புகள் அப்படியே பத்திரமாக இருக்கின்றன, இது வேறு கோளாறு என்று சொன்னேன். சொன்னேனே தவிர, என்ன கோளாறு என்பது எனக்கு உடனே பிடிபடவில்லை. இருபத்தாறு வருடம் ஓடிய நிரல் எதை எதால் வகுக்கிறது? கடையைச் சாத்தியபின் உட்கார்ந்து தேடியபோது, டர்போ பாஸ்கல் தெரிந்தவர்களுக்கு இது பழங்கதை என்று தெரிந்தது. நான் பாஸ்கலைத் தொட்டதில்லை. டர்போ பாஸ்கல் 7-ல் திரை சம்பந்தமான வேலைகளுக்கு ஒரு யூனிட் உண்டு. அதைச் சேர்த்துக்கொண்ட நிரல், தொடங்கியதும் ஒரு சின்னச் சோதனை செய்யும். கணினியின் கடிகாரம் 55 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை துடிக்கும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே வெறும் சுற்றைச் சுற்றி, எத்தனை சுற்று போனது என்று எண்ணி, 55-ஆல் வகுக்கும். ஒரு மில்லிசெகண்டுக்கு இத்தனை சுற்று என்று தெரிந்துவிட்டால், பிறகு நிரல் சற்றுக் காத்திருக்க வேண்டிய இடங்களில் அந்த எண்ணை வைத்துக் காத்திருக்கலாம். வகுத்து வரும் விடை 16 பிட்டுக்குள், அதாவது 65,535-க்குள் அடங்க வேண்டும். அது எழுதப்பட்ட காலத்தில் தாராளமாக அடங்கியது. ப்ராசஸர்கள் சுமார் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியபோது அடங்காமல் போனது. விடை அடங்காவிட்டாலும் ப்ராசஸர் எழுப்புவது அதே வகுத்தல் பிழையைத்தான். பூஜ்யம் எங்கேயும் இல்லை. கணினி வேகமாகிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த சிப் தன் பங்குக்கு எல்லாவற்றையும் காப்பாற்றியிருந்தது. 1978-ன் ஒவ்வொரு கட்டளையையும், அன்று எழுதிவைத்த பொருளிலேயே, ஒரு பிட் பிசகாமல் செய்தது. வகுத்தல் பிழையைக்கூட விதிப்படியே எழுப்பியது. நான் இருபது வருடமாகத் திட்டிக்கொண்டிருந்த அத்தனை பாரத்தையும் அது சுமந்துகொண்டுதான் இருந்தது. இருந்தும் நிரல் உடைந்தது. ஏனென்றால் நிரல் சாய்ந்திருந்தது வேறொன்றின் மேல். கணினி இந்த வேகத்தைத் தாண்டாது என்று யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. எந்தக் கையேட்டிலும் அப்படி ஒரு வரி கிடையாது. நெடுநாள் அப்படியே இருந்தது, அதனால் ஒருவர் அதன் மேல் சாய்ந்துகொண்டார்.

இருபத்தோராவது கம்பி

வேலையில் அலுத்துப்போன பல விஷயங்களை அதற்குப் பிறகு வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். ஃபர்ம்வேர் எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த ஏ20 கதையை எடுத்துக்கொள்கிறேன். நினைவகத்தில் எந்த இடம் வேண்டும் என்று சொல்லும் முகவரிக் கம்பிகள் 8086-க்கு இருபது. ஆகவே ஒரு மெகாபைட் வரைதான் எட்டும். ஆனால் அது முகவரியைக் கணக்கிடும் முறையில், ஒரு மெகாபைட்டுக்கு மேலே இன்னும் 65,520 பைட் வரை கூட்டுத்தொகை போக முடியும். போனால் என்ன ஆகும்? இருபத்தோராவது பிட்டைக் கொண்டுபோகக் கம்பி இல்லை. அது உதிர்ந்துவிடும், முகவரி சுற்றிக்கொண்டு நினைவகத்தின் அடிப்பகுதிக்கு வந்துவிடும். கம்பி இல்லாததால் நேர்ந்த விளைவு இது, அம்சமென்று யாரும் திட்டமிட்டு வைத்ததாகத் தெரியவில்லை.

அதன் மேலும் சாய்ந்துகொண்டார்கள். சி.பி/எம் என்ற முந்தைய இயங்குதளத்துக்கு எழுதிய நிரல்களைச் சுலபமாக மாற்றிக்கொள்ள டாஸில் ஓர் அழைப்பு முறை வைத்திருந்தார்கள். அது இந்தச் சுற்றலை நம்பியே வேலை செய்தது. அதாவது ஒரு பின்னிணக்கத்தைக் காப்பாற்ற இன்னொரு தற்செயலில் கால் வைத்தார்கள். 1982-ல் 80286 வந்தது. கம்பிகள் இருபத்துநான்கு, முகவரி சுற்றாமல் நேரே மேலே போனது. 1984-ல் பிசி/ஏடி செய்த ஐபிஎம்முக்கு வந்தது சிக்கல். அந்த இருபத்தோராவது கம்பியை, பூஜ்யத்திலிருந்து எண்ணினால் ஏ20, தேவைப்படும்போது அடைத்துவைக்க ஒரு வாயில் போட்டார்கள். அந்த வாயிலைத் திறந்து மூட ஏதாவது ஒரு சிப்பின் இணைப்புக் கால், ஒரு 'பின்', வேண்டும். விசைப்பலகையைக் கவனிக்கும் சிப்பில் ஒன்று சும்மா இருந்தது, அதில் இணைத்துவிட்டார்கள். இதனால் பல வருடங்களுக்கு ஒரு மெகாபைட்டுக்கு மேலே நினைவகத்தைத் தொட விரும்பிய ஒவ்வொரு இயங்குதளமும் விசைப்பலகைச் சிப்பிடம் அனுமதி கேட்டது. நானும் அந்த வரிகளை எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் பின்னிணக்கத்தைத் திட்டியிருக்கிறேன். 8086-இன் எழுதிவைத்த எந்த வாக்கையும் காப்பாற்ற வந்ததல்ல அந்த வாயில் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஐபிஎம் தன் பெரிய எந்திரங்களில் இதே பாடத்தை ஏற்கெனவே படித்திருந்தது. 1964 ஏப்ரலில் சிஸ்டம்/360 வந்தபோது, சிறியதிலிருந்து பெரியது வரை ஒரே நிரல் எல்லா மாடலிலும் ஓடும் என்றார்கள். வாங்கியவர் பெரிய மாடலுக்கு மாறினால் எழுதியதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஐபிஎம்மின் முந்தைய கணினியான 1401-க்கு எழுதிய நிரல்களைக்கூடச் சில மாடல்களில் எமுலேஷன் மூலம் ஓட்ட முடிந்தது. பின்னிணக்கம் ஒரு வாக்காகப் பெரிய அளவில் விற்கப்பட்டது அங்கேதான் என்று நினைக்கிறேன். அந்த வாக்கு நின்றது, ஐபிஎம்மின் இன்றைய இசட் வரிசைக் கணினிகள் வரைக்கும் வந்திருக்கிறது. ஆனால் 32-பிட் சொல்லுக்குள் முகவரிக்கு 24 பிட்தான் பயன்பட்டது. மேலே எட்டு பிட் காலி, எந்திரம் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. நினைவகம் தங்கம்போல விலை விற்ற காலம். நிரலாளர்கள் அந்த எட்டு பிட்டில் தங்கள் குறிப்புகளை ஒளித்துவைத்தார்கள். முகவரியை நீட்ட வேண்டிய நாள் வந்தபோது அந்த இடம் ஆள் குடியேறிய இடமாக இருந்தது. 1980-களில் 31 பிட்டுக்கு நீட்டியபோது, பழைய 24-பிட் நிலையையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 1984-ன் மெக்கின்டாஷிலும் மேல் பைட்டில் இதே ஒளித்துவைப்பு நடந்தது, பிறகு இதே வேதனை.

பூட்டி வைத்த பதினாறு பிட்

ஏ.எம்.டி-யின் 64-பிட் வடிவமைப்பைக் கோழைத்தனமான ஒட்டுவேலை என்று சொல்லித் திரிந்தவன் நான். அதன் கையேட்டைத் திரும்ப எடுத்துப் படித்தபோது, வேலைக்காகப் பலமுறை கடந்துபோன ஒரு விதியின் முன் நின்றுவிட்டேன். முகவரிக்கு 64 பிட் இடம் இருந்தாலும் முதலில் பயன்பட்டவை 48. மிச்சம் பதினாறு பிட் காலி. 360-இல் போல அவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. அந்தப் பதினாறும் 48-வது பிட்டின் நகலாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முகவரியைத் தொட்ட உடனே ப்ராசஸர் பிழையெழுப்பும். காலி இடத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நாளைக்குத் தேவைப்படும் இடம் இது, இன்றைக்கு யாரும் இங்கே குடிசை போட வேண்டாம் என்று வடிவமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். இருபது வருடம் கழித்து ஒருவர் திட்டாமல் இருக்க வேண்டும் என்று இன்றைக்கே யோசித்த அந்த ஆட்களை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது. அவர்கள் பழைய வாக்குகளைக் காப்பாற்றினார்கள். 64-பிட் நிலையில் வர்ச்சுவல் 8086-ஐ வெட்டினார்கள், நினைவகத்தைத் துண்டுகளாகப் பார்க்கும் பழைய செக்மென்ட் முறையில் பெரும்பகுதியை வெட்டினார்கள். சிப்புக்குள்ளேயே எண்களை வைத்துக்கொள்ளும் பொதுவான எட்டு ரெஜிஸ்டர்களைப் பதினாறாக்கினார்கள். பின்னிணக்கத்தோடு போகிறவர் நின்ற இடத்திலேயே நிற்பார் என்ற என் கட்சிக்கு இது பொருந்தவில்லை.

பூட்டு முழுவதுமாகப் பலித்ததா என்றால், அதுவும் இல்லை. முகவரியைத் தொடுவதற்கு முன்பு அந்தப் பதினாறு பிட்டைச் சுத்தம் செய்துவிட்டால் ப்ராசஸருக்குத் தெரியாது என்று சிலர் கண்டுகொண்டார்கள். ஓடும்போதே நிரலைக் கம்பைல் செய்யும் சில மென்பொருள்கள் மேல் பிட்டுகளில் தங்கள் குறிப்புகளை வைத்து, தொடும் முன் கழுவிவிடுகின்றன. பிறகு முகவரியை 57 பிட்டுக்கு நீட்டியபோது லினக்ஸ் இதற்கு ஒரு வழி செய்தது: வெளிப்படையாகக் கேட்கும் நிரலுக்கு மட்டுமே பழைய எல்லைக்கு மேலே முகவரி கொடுப்பது. 360-இன் கதை ஐம்பது வருடம் கழித்துத் திரும்பி வந்தது. ஆனால் இந்த முறை சேதம் சிறியது. பூட்டு இருந்ததால் சாய்ந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்கள் யார் என்பதும் தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் நம் எழுத்துகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு இந்தக் கோபம் முதலில் வந்தது அங்கேதான். யூனிகோடு அட்டவணையில் தமிழ்ப் பகுதியைத் திறந்து பாருங்கள். க-வுக்கும் ங-வுக்கும் நடுவில் மூன்று கட்டங்கள் காலி. தேவநாகரியில் அங்கே வேறு மூன்று ககர ஒலிகள் இருக்கின்றன. 1988-ன் இஸ்கி முறை இந்திய எழுத்துகளையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்தியது, யூனிகோடு அதைத் தழுவியது, நமக்கு ஓட்டைகள் வந்தன. நம் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று வாதாடியவர்கள் பக்கம் நான் இருந்தேன். 2010-ல் தமிழக அரசு யூனிகோடோடு, அப்படித் தனி இடம் கொடுக்கும் டேஸ்16 முறையையும் ஏற்றபோது மகிழ்ந்தேன். ஆனால் யூனிகோடு தன் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறது: ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை நகர்த்துவதில்லை. 2006-ல் நான் யூனிகோடில் எழுதிய பதிவை இன்று எந்தப் போனில் திறந்தாலும் படிக்க முடிகிறது. அதற்கும் முன்பு திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் எழுதியவை, மாற்றி எடுத்தால் ஒழிய, வெறும் கிறுக்கலாகத் தெரிகின்றன. அந்த ஓட்டைகள் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. என் இருபது வருட எழுத்து அவற்றைச் சுற்றித்தான் உயிரோடு இருக்கிறது என்பதையும் மறுக்க முடியவில்லை.

யார் சுமப்பது

அப்படியானால் பின்னிணக்கம் வளர்ச்சியைத் தடுக்கிறதா? கொஞ்சம் தடுக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2023 மே மாதம் இன்டெல், 16-பிட் நிலையையும் 32-பிட் இயங்குதளத்துக்கான நிலைகளையும் வெட்டிவிட்டு நேரடியாக 64-பிட்டிலேயே விழிக்கும் எக்ஸ்86எஸ் என்ற திட்டத்தை வெளியிட்டபோது அதை இரண்டு முறை வரி விடாமல் படித்தேன். 2024 டிசம்பரில் கைவிட்டார்கள். எனக்கு இன்றும் வருத்தம்தான். அந்த வெட்டு நியாயமானது, யாருடைய கணக்கும் அதனால் போயிருக்காது, டாஸ்பாக்ஸ் மாதிரி வழிகள் இருக்கின்றன. ஆனால் எழுதிவைத்த வாக்கைக் காப்பாற்றும் செலவு அளந்து பார்க்கக்கூடிய செலவு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். 1995-ன் பென்டியம் ப்ரோ, எக்ஸ்86 கட்டளைகளை உள்ளே வாங்கியதும் சிறுசிறு எளிய செயல்களாக உடைத்து, அவற்றை வேறு வரிசையில் ஓட்டியது. வாசலில் பழைய மொழி, வீட்டுக்குள் புது மொழி. அதற்குக் கொஞ்சம் இடம், கொஞ்சம் மின்சாரம். அளவிட முடியாமல் போவது, யார் எதன் மேல் சாய்ந்திருக்கிறார்கள் என்று தெரியாத செலவு. ஏ20 அந்த வகை.

உடைத்துத்தான் தீர வேண்டும் என்ற இடத்தில் உடைப்பவரே சுமக்க வேண்டும் என்பதும் எனக்கு இப்போது உறுதி. ஆப்பிள் மூன்று முறை ப்ராசஸர் குடும்பத்தையே மாற்றியிருக்கிறது. 2020 நவம்பரில், இன்டெல்லை விட்டு ஆர்ம் குடும்பத்துக்கு மாறிய எம்1 வந்தபோது, பழையதைச் சுத்தமாக உதறிய சிப் என்று நண்பர்கள் கொண்டாடினார்கள். அதன் உள்ளே ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. சிப்புக்குள் தனித்தனியாகக் கட்டளைகளை ஓட்டும் பகுதிகளைக் கோர் என்கிறோம்; ஒரு கோர் நினைவகத்தில் எழுதியவற்றை மற்றொரு கோர் எந்த வரிசையில் பார்க்கும் என்பதில் எக்ஸ்86 கண்டிப்பானது, ஆர்ம் தளர்வானது. பழைய மேக் நிரல்களை மொழிபெயர்த்து ஓட்டும்போது இந்த வேறுபாட்டை மென்பொருளிலேயே சமாளித்தால் வேகம் படுத்துவிடும். அதற்காக எக்ஸ்86-ன் கண்டிப்பான வரிசையைப் பின்பற்றும் ஒரு நிலையை எம்1 சிப்பிலேயே வைத்திருக்கிறார்கள். வீட்டை மாற்றியவர்கள், பழைய வீட்டுச் சாவிக்குப் பொருந்தும் ஒரு பூட்டைப் புது வீட்டிலும் வைத்தார்கள். நாலைந்து வருடமோ எட்டு வருடமோ கழித்து அதை எடுத்துவிடலாம். எடுக்கும்போது அதன் மேல் சாய்ந்திருப்பது எது என்று அவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் புதுக் கம்ப்யூட்டரில் டாஸ்பாக்ஸ் போட்டேன். அது டாஸ் நிரல்களை வழக்கமாக ஒரு மில்லிசெகண்டுக்கு 3000 கட்டளை என்ற வேகத்தில் ஓட்டும். அந்த வேகத்தில் டர்போ பாஸ்கலின் வகுத்தல் தாராளமாக அடங்குகிறது. நீலத் திரையில் மஞ்சள் எழுத்து வந்தது. கணக்கு எழுதும் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையைக்கூடப் பார்க்காமல் ஒரு பெயரைத் தட்டினார். முந்தின வாரம் யாரோ பாதிப் பாக்கி கொடுத்திருக்கிறார், காகிதத்தில் குறித்து வைத்திருந்ததை ஏற்றினார். மிச்சம் சரியாக வந்தது. அச்சு எடுக்க வைத்தது தனிக் கதை, அதற்கு இன்னும் ஒரு நாள் ஆனது. தரவு முழுவதையும் வேறு எதிலும் திறக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பாக ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

"புதுப் பெட்டிதானே, இன்னும் வேகமா ஓட்டலாமே?" என்று கேட்டார் சித்தப்பா. வேகம் வைத்தால் நின்றுவிடும் சித்தப்பா என்று, ராத்திரி படித்ததைச் சொல்லி விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு கல்லாவிலிருந்து பழைய பில் தாள் ஒன்றை எடுத்து நீட்டி, "இத எழுதி ஒட்டிரு தம்பி, நீ எப்பவும் வந்துட்டு இருக்க முடியாது" என்றார். வேகம் 3000, கூட்ட வேண்டாம், கூட்டினால் கணக்கு திறக்காது என்று பெரிய எழுத்தில் எழுதினேன். காரணத்தையும் கீழே நான்கு வரியில் எழுதி, தேதி போட்டு, மானிட்டரின் பக்கவாட்டில் ஒட்டினேன்.